பிழைத்த பிள்ளையின் இதயம்

ஒரு குழந்தை பிழைக்குமா என்ற கேள்வி எழும்போது மற்ற கேள்விகளெல்லாம் வாயடைத்து நின்றுவிடுகின்றன. பிழைத்தபின் அது எப்படி வாழும், என்ன வேலை செய்யும், யாரை மணக்கும், எத்தனை வயதுவரை இருக்கும் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பேராசையாகத் தோன்றும். உயிர் மட்டும் தங்கினால் போதும் என்று வேண்டிக்கொள்ள நாம் எல்லோரும் அறிவோம். அந்த வேண்டுதல் பலித்த வீடுகள் இன்று நம் நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. பலித்தபின் என்ன என்பதைத்தான் நாம் இன்னும் சரியாகச் சிந்திக்கவில்லை.

கொல்கத்தாவின் ஓரத்தில், நெல்வயலும் மீன் வளர்க்கும் நீர்நிலைகளுமாக இருந்த ராஜர்ஹாட் மண்ணில் எழுந்த நகரம் நியூ டவுன். அகலமான சாலைகள், கண்ணாடி மாளிகைகள். இன்னும் வீடு எழும்பாத மனைகளில், துர்கா பூஜை நெருங்கும் நாட்களில், வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும் காஷ் புல். அங்கே 2011 மே மாதம் டாட்டா மெடிக்கல் சென்டர் என்ற புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம், பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வங்கத்திலும் அசாமிலும் திரிபுராவிலும் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை அடகு வைத்துவிட்டு மும்பைக்கோ வேலூருக்கோ ரயிலேறின. மடியில் மொட்டைத்தலைக் குழந்தையும் கையில் ஃபைலுமாகக் காட்பாடியில் இறங்கும் அவர்களை வேலூர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய சந்துகளில் வங்க எழுத்தில் பெயர் எழுதிய விடுதிகளும், மீன்குழம்பும் சோறும் போடும் கடைகளும் அவர்களை நம்பி வந்தவையே. நியூ டவுன் மருத்துவமனையைத் தொடக்க ஆண்டுகளில் இயக்குநராக இருந்து நடத்திய மாம்மன் சாண்டியும் வேலூரில் ரத்தநோய்த் துறையை வளர்த்தெடுத்தவர்தான். ஆகவே அங்கே பிழைக்கும் பிள்ளைகளின் கதை நமக்கு அயலார் கதை அன்று.

1940-களில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்குச் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். 1948-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அத்தகைய குழந்தைகள் சிலருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை உலகுக்கு அறிவித்தார். அவர் பயன்படுத்திய மருந்தை உருவாக்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. அங்கிருந்து புறப்பட்ட வழி இன்று வந்து சேர்ந்திருக்கும் இடம் பெரிது. நல்ல மருத்துவமனையில், இடையில் விடாமல் சிகிச்சையை முடித்தால், இந்த நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நியூ டவுன், மும்பை, டெல்லி, சண்டிகர், சென்னை அடையாறு ஆகிய இடங்களின் மருத்துவர்கள் ஒன்றுகூடி, நம் நாட்டுக் குழந்தைகளுக்கென்று ஒரு பொதுச் சிகிச்சை முறையை வகுத்துச் சோதித்தும் வருகிறார்கள். நோயைப் போக்குவது எப்படி என்பதோடு, போக்கும்போது குழந்தையை எவ்வளவு குறைவாக நோகச் செய்யலாம் என்பதும் அவர்கள் எழுப்பிய கேள்வி.

அந்தச் சிகிச்சையில் வரும் மருந்துகளில் ஒரு குடும்பத்தின் நிறம் சிவப்பு. டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் என்பவை அதன் பெயர்கள். கட்டிலின் ஓரத்தில் தாய் உட்கார்ந்திருக்க, ஆரஞ்சு கலந்த அந்தச் சிவப்பு மெல்லிய குழாய் வழியே பிள்ளையின் உடலுக்குள் இறங்குகிறது. பிறகு சிறுநீர் சிவந்து போகும். 'பயந்துவிடாதீர்கள், அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்' என்று நர்ஸ் முன்னதாகவே சொல்லிவைப்பார். சொல்லியும், அதைப் பார்க்கும்போது தாயின் கை நடுங்கத்தான் செய்யும். தென் இத்தாலியில் காஸ்டல் டெல் மாண்டே என்ற பழங்கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து பெற்ற மருந்து இது. எங்கோ ஒரு மண்ணில் யாரும் அறியாமல் இருந்த ஒன்று, ராஜர்ஹாட்டின் ஒரு கட்டிலில் ஒரு குழந்தையைச் சாவிலிருந்து இழுத்து நிறுத்துகிறது. அதே மருந்து, இழுத்து நிறுத்தும் வேளையிலேயே, அக்குழந்தையின் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகிறது.

புற்றுச் செல்லின் டி.என்.ஏ. என்னும் மரபிழையை அறுப்பது அம்மருந்தின் தொழில். இதயச் செல்லிலும் அந்த அறுப்பு நிகழ்கிறது. உதிர்ந்த முடி மீண்டும் முளைக்கிறது. குறைந்த ரத்த அணுக்கள் சில வாரங்களில் திரும்புகின்றன. இதயத் தசைக்கு அந்த வரம் ஏறக்குறைய இல்லை. பனிப்போர்க் காலத்தின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுச்சென்ற கதிர்க் கார்பனையே அடையாளமாகக் கொண்டு, ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் இதயத் தசைச் செல்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்குதான் புதிதாகிறது; எழுபத்தைந்து வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு. நம்மோடு பிறந்த செல்களில் பாதிக்கு மேற்பட்டவை நாம் இறக்கும்வரை நம்முடனேயே இருக்கின்றன. பிள்ளை வளர வளரச் சட்டையைப் பெரிதாகத் தைத்துக்கொள்கிறோம். இதயத்துக்கு அப்படிப் புதுத்துணி கிடையாது. இருக்கும் செல்களே பருத்து, வளரும் உடலுக்கு ஈடுகொடுக்க வேண்டும். அதனால்தான் மூன்று வயதில் பட்ட காயம் மூன்று வயதில் தெரிவதில்லை. பதின்வயதில் உடல் திடீரென்று உயரும்போது, இருபதுகளில் பாரம் சுமக்கும்போது, கருவுறும்போது, அப்போதுதான் இதயம் தன் குறையைச் சொல்கிறது.

1991-இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று இதை முதன்முதலாக அச்சமூட்டும் தெளிவோடு காட்டியது. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட 115 பிள்ளைகளைச் சோதித்ததில் பாதிக்கு மேற்பட்டோரின் இதயத்தில் ஏதோ ஒரு மாறுபாடு இருந்தது. அன்று கொடுத்த அளவு இன்றைய அளவைவிட மிக அதிகம் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். இன்று ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இதயம் செயலிழக்கும் நிலை வருவதே இல்லை. எலும்புப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் மருந்தின் மொத்த அளவு கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. மிகச் சிறு வயதில் மருந்து பெற்றவர்களுக்கும், பெண் குழந்தைகளுக்கும், நெஞ்சில் கதிர்வீச்சும் சேர்ந்தவர்களுக்கும் கவனம் கூடுதலாக வேண்டும். இதைப் படித்துவிட்டு எந்தப் பெற்றோரும் அந்தச் சிவப்பு மருந்தை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. அதை மறுப்பவர்கள் இழக்கப்போவது பிள்ளையையே.

மருந்தின் தொடர்பே இல்லாமலும் குழந்தைகளுக்கு இதயத் தசை நோய் வருகிறது. லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்குச் சற்று மேல் என்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கணக்கெடுத்திருக்கிறார்கள். முதல் பிறந்தநாளைக் காணாத சிசுக்களிடையே அது மிகுதி. இதயம் விரிந்து தளர்ந்துபோகும் வகையே அதிகம். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ அறையின் வாசலில் நின்று, 'இதயத்தோட பம்பிங் இருபதுதான் இருக்காம்' என்று ஊருக்குப் போனில் சொல்லும் தந்தையின் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அவர் அடுத்துக் கேட்கும் கேள்வி எல்லாத் தந்தையரும் கேட்பது: இனிமேல் எப்படி இருக்கும்?

விடையாக எண் ஒன்று இருக்கிறது. வட அமெரிக்காவில் இந்த வகை நோய் கண்ட 1,426 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் அதை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் நூற்றில் 31 பேர் இறந்திருந்தார்கள், அல்லது மாற்று இதயம் பெற்றிருந்தார்கள். ஐந்தாண்டுக்குள் அந்தத் தொகை 46 ஆனது. மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு நோயின் காரணம் இன்னதென்றே தெரியவில்லை. எண்ணில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரே எண்ணின் கூரைக்குக் கீழே எத்தனை வேறுபட்ட விதிகள் குடியிருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். 'விரிந்த இதயம்' என்ற பெயரோடு வரும் சிசுக்களில் ஒன்று, உடலில் கால்சியமும் வைட்டமின் டி-யும் வற்றிப்போனதால் தளர்ந்திருக்கலாம். அதைக் கண்டுகொண்டு கொடுத்தால் சில மாதங்களில் இதயம் தேறிவிடும். இன்னொன்றுக்கு இதயத்துக்கு ரத்தம் தரும் இடது தமனி பிறவியிலேயே தவறான இடத்தில் முளைத்திருக்கலாம். அறுவை செய்து மாற்றினால் தசை மீண்டும் உயிர்பெறும். மற்றொன்று இடைவிடாத வேகத் துடிப்பினால் களைத்துப்போன இதயம்; துடிப்பைச் சீராக்கினால் அதுவும் எழுந்து நிற்கும். தசைச்சிதைவு நோயோடு சேர்ந்து வந்த இன்னோர் இதயம், என்ன செய்தாலும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். நால்வருக்கும் எக்கோ தாளில் எழுதுவது ஏறக்குறைய ஒன்றே. அவர்களை வேறுபடுத்துவது, காரணத்தைத் தேடி யாராவது ஒருவர் அந்தக் குழந்தையின் அருகில் போதிய நேரம் நின்றாரா என்பது. ஒரு பிள்ளையின் எதிர்காலம் அதன் உடலுக்குள் மட்டும் எழுதப்பட்டிருப்பதாக நாம் எண்ணுகிறோம். அதில் பாதியை, பார்ப்பவர்களின் பொறுமை எழுதுகிறது.

பரம்பரையாக வருவதும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜும், உடன் உழைத்த பலரும் 2009-இல் ஒன்றை நிறுவினார்கள். இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன நிலை தெற்காசிய மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் இருக்கிறது. அதைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே வருகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் இளமையிலேயே கடுமை காட்டலாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு முன்னோரிடம் அந்த விடுபடல் முதலில் நேர்ந்திருக்க வேண்டும். அவரை நாம் நொந்துகொள்ள முடியாது. தாம் கொடுத்தது இன்னதென்று அவர் அறியார்.

சிவப்பு மருந்தைக் கொடுக்கும் நாமோ அறிந்தே கொடுக்கிறோம். இங்கேதான் சிந்தனை சற்று நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

மூன்று வயதுப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. தாளில் கையெழுத்திடுவது தந்தை. தாய்மொழியில் விளக்கிச் சொன்னாலும் அன்றைய மனநிலையில் அவர் காதில் விழுவது 'பிழைக்கும்' என்ற ஒரு சொல் மட்டுமே. மருத்துவர் நன்மையை நாடுகிறார், தந்தை நன்மையை நாடுகிறார், சமூகம் மருந்துக்குப் பணம் கொடுத்து நன்மையை நாடுகிறது, நன்மையும் விளைகிறது. ஆனால் தன்னால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாத ஒருவருக்காக நாம் ஒரு முடிவை எடுக்கும்போது, அதன் நற்பயனை இன்று கண்ணால் கண்டு மகிழ்ந்துவிட்டு, அதன் மீதப் பயனை அவர் மட்டும் பிற்காலத்தில் தனியாக அனுபவிக்கட்டும் என்று விலகிப்போகும் உரிமை நமக்கு இல்லை. அந்த முடிவு அவர் உடலில் எத்தனை ஆண்டு வாழுமோ அத்தனை ஆண்டும், முடிவெடுத்தவர்களாகிய நாமும் அதன் பக்கத்தில் நின்றாக வேண்டும். காப்பாற்றுவது ஒரு நாளில் முடிந்துபோகும் செயல் என்று எண்ணுவதனால்தான் நாம் அதைக் கொடை என்று கருதி நன்றியை எதிர்பார்க்கிறோம். அது உண்மையில் ஓர் உறவு. பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் உள்ளதைப் போலவே, ஒருவர் மற்றவரைக் கேட்காமல் தொடங்கி, கேட்காமல் தொடங்கிய காரணத்தாலேயே விட்டு நீங்க முடியாததாகிப்போகும் உறவு.

2008 செப்டம்பரில் சென்னையில் ஹிதேந்திரனின் பெற்றோர் எடுத்த முடிவை நாம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறோம். விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது மகனின் இதயத்தை, இதயம் பழுதான ஒன்பது வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார்கள் அந்த மருத்துவத் தம்பதியர். தமிழ்நாட்டின் உறுப்புதானத் திட்டத்துக்கு அந்த இழப்பே பெரிய உந்துதலாயிற்று. கிழக்கிந்தியாவில் முதல் இதய மாற்று அறுவை நடக்க 2018 மே வரை ஆயிற்று. அது நடந்த ஊர் கொல்கத்தா. இதயத் தசை நோயில் கடைசி வழியாக நிற்பது இந்த மாற்றுதான். அங்கேயும் இதே உண்மை காத்திருக்கிறது: மாற்று இதயம் பெற்ற குழந்தை வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும், வாழ்நாள் முழுதும் யாரோ அதைக் கவனித்துவர வேண்டும். தானம் தந்த இதயம் போய்ச்சேரும் அந்த ஒரு நாளுக்காகச் சாலையெல்லாம் வழிவிட்டு நின்ற நாம், அதற்குப் பின்வரும் ஆயிரம் சாதாரணக் காலைகளுக்கும் வழிவிடுகிறோமா?

நியூ டவுனில் சிகிச்சை முடித்த ஒரு சிறுவனை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். பர்தமானுக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமம். ஐந்தாண்டு கடந்து நோய் திரும்பவில்லை. வீட்டில் சத்தியநாராயண பூஜை நடக்கிறது. பெரிய ஃபைல் பரணில் ஏறுகிறது. இருபத்து நான்கு வயதில் அவன் வேலை தேடித் திருப்பூருக்கு வருகிறான். நம் ஊர்ப் பின்னலாடைத் தொழிலையும் கட்டட வேலையையும் இன்று தாங்கி நிற்பவர்களில் அவனைப் போன்றோர் எத்தனை பேர்! மூட்டை தூக்கி மாடியேறும்போது மூச்சிரைக்கிறது. அருகிலுள்ள கிளினிக்கில் சளி என்று மருந்து கொடுக்கிறார்கள், மறுமுறை ஆஸ்துமாவோ என்கிறார்கள். 'சின்ன வயதில் என்ன நோய்?' என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் 'ஏதோ காய்ச்சல், நிறைய நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்' என்பதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள்: நோயின் பெயர், பெற்ற மருந்துகள், சிவப்பு மருந்தின் மொத்த அளவு, நெஞ்சில் கதிர்வீச்சு உண்டா இல்லையா, கடைசி எக்கோ எப்போது, அடுத்தது எப்போது. அளவு மிகுந்தவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை, நடுத்தரமானால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எக்கோ எடுக்கச் சொல்கின்றன இன்றைய உலக வழிகாட்டுதல்கள். தளர்ச்சி தொடக்கத்திலேயே தெரிந்தால் இதயத்தின் சுமையைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. விலை அதிகமில்லாதவை, அரசு மருத்துவமனையிலும் கிடைப்பவை.

பெண் பிள்ளையென்றால் கதை இன்னும் கனக்கிறது. அவளிடமும் மறைக்கிறோம், அவளைக் கேட்டுவரும் குடும்பத்திடமும் மறைக்கிறோம். கேன்சர் வந்த பெண் என்ற சொல் தெருவைத் தாண்டிப் போனால் வரன் அமையாது என்ற அச்சம் வங்கத்துக்கும் தமிழகத்துக்கும் பொது. மறைக்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஒரு முறை சாவின் வாயிலிருந்து மீட்ட மகளுக்கு, இனி ஒரு சொல்லாலும் காயம் படக்கூடாது என்று அவள் நினைக்கிறாள். ஆயினும் அந்த அன்பு, தான் அறியாமலே, மகளிடமிருந்து ஒரு காவலைப் பறித்துவிடுகிறது. சிறுவயதில் அந்த மருந்து பெண்ணின் இதயத்தைக் கூடுதலாகத் தொடுகிறது என்பதை முன்பே கண்டோம். கருவுற்ற உடலில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு உயர்ந்து, இதயம் தன் வாழ்நாளின் பெருஞ்சுமையைச் சுமக்கும் மாதங்களும் அவளுக்கே வருகின்றன. எந்த மாதங்களில் உண்மை மிகவும் வேண்டுமோ, அந்த மாதங்களுக்கு முன்பாகத்தான் நாம் அதைப் பூட்டிவைக்கிறோம்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் மெல்லத் தொடங்கலாம். உனக்கு இன்ன நோய் வந்தது, நீ அதை வென்றாய், அப்போது தந்த மருந்து இதயத்தை ஆண்டுக்கொருமுறையாவது நினைத்துப் பார்க்கச் சொல்கிறது என்று, அச்சம் ஊட்டாமல், அவள் கேட்கும் கேள்விகளுக்கு இடம் விட்டு. பதினெட்டில் அந்தத் தாள் அவள் கைக்கே போய்விட வேண்டும். திருமணத்துக்கு முன் யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அது அவளுடைய உடல், அவளுடைய வரலாறு. ஆனால் கருவுற்றதும் மருத்துவரிடம் சொல்லத் தயங்கக் கூடாது. முதல் மூன்று மாதத்துக்குள் ஓர் எக்கோ எடுத்து, பம்பிங் சரியாக இருந்தால் மற்றப் பெண்களைப் போலவே நடந்துகொள்ளலாம். குறைந்திருந்தால் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து கவனிக்கும் இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். சிறுவயதில் புற்றுநோயை வென்று, இதயம் நன்றாக இயங்கும் நிலையில் தாயாகும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள். அந்த முதல் எக்கோவை எழுதிக்கொடுக்க, எதிரில் இருக்கும் மருத்துவருக்கு அவளுடைய மூன்று வயது தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல முதலில் அவளுக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.